பின் பக்கம் என்ன சத்தம்?

பெங்களூரில் லால்பாக் தோட்டம் இருக்கிறது. தோட்டத்துக்குள் ஒரு பெரிய பாறை உண்டு. மாலை நேரத்தில் மக்கள் அதன் மேல் ஏறி நின்று ஊரைப் பார்ப்பார்கள். அந்தப் பாறையின் வயது சுமார் 300 கோடி ஆண்டு.

பெங்களூரைச் சுற்றிலும் மண்ணுக்கு அடியில் இப்படிப்பட்ட கடினமான பாறைதான் கிடக்கிறது. 1956-இல் கட்டி முடித்த விதான சௌதா கருங்கல் கட்டடம். இன்று எழும்பும் அடுக்கு மாடிகளுக்கும் மேம்பாலங்களுக்கும் ஜல்லி வேண்டும். எம்-சாண்ட் வேண்டும். அவையும் பாறையை உடைத்துத்தான் வருகின்றன.

அந்தக் கல்லைச் சுமப்பது யார்? டிப்பர் லாரி.

குவாரிக்குள் தார்ச் சாலை கிடையாது. மேடு, பள்ளம், சேறு, கூர்மையான கல். கீழே குழியில் பாரம் ஏற்றிக்கொண்டு, செங்குத்தான பாதையில் மேலே வர வேண்டும். பாரத்தில் பெரும்பங்கு லாரியின் பின் அச்சின் மேல்தான் விழுகிறது. வண்டியை உந்துவதும் பின் சக்கரம்தான். ஆகவே குவாரி லாரியில் பழுது பெரும்பாலும் பின் பக்கத்தில்தான் வரும்.

பழுது திடீரென்று வருவதில்லை. முதலில் ஒரு சத்தம் வரும். அல்லது ஓர் அதிர்வு வரும். அல்லது எண்ணெய் கசியும். அந்த அடையாளத்தைப் படிக்கத் தெரிந்தால் பணம் மிச்சம். சில நேரம் உயிரும் மிச்சம்.

பின் பக்கத்தில் என்னென்ன இருக்கின்றன?

ஆறு சக்கர டிப்பர் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

பாரத்தைத் தாங்குவது பட்டை. நீளமான எஃகுப் பட்டைகளை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். மிக நீளமானது மெயின் பட்டை. அடுக்கின் நடுவே ஒரு துளை உண்டு. அதில் செல்வது சென்டர் போல்ட். பட்டை அடுக்கையும் அச்சையும் இறுக்கிப் பிடிப்பவை யு போல்ட்டுகள். பட்டையின் முனைகள் பின்களால் சேசிஸோடு இணைந்திருக்கும். பின்னைச் சுற்றி புஷ் இருக்கும்.

பெரிய சுரங்கங்களில் ஓடும் ராட்சத டம்பர்களில் இப்படிப் பட்டை இருக்காது. வாயுவும் எண்ணெயும் அடைத்த உருளைகள் இருக்கும். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெமல் நிறுவனம் 1964-இல் தொடங்கியது. அதன் மைசூர் ஆலையில் அத்தகைய டம்பர்கள் தயாராகின்றன. ஆனால் நம் சாலையில் ஓடும் டிப்பர்களில் பெரும்பாலும் பட்டைதான்.

வண்டியை உந்தும் பாகங்கள் வேறு. என்ஜினின் விசை கிளட்ச், கியர் பாக்ஸ் வழியாக வருகிறது. அங்கிருந்து புரொப்பெல்லர் ஷாப்ட் என்னும் நீண்ட குழாய் அதைப் பின்னால் கொண்டு போகிறது. ஷாப்ட்டின் முனைகளில் கிராஸ் இருக்கும். அச்சு மேலும் கீழும் ஆடும்போது கிராஸ் வளைந்து கொடுக்கும்.

பின் அச்சின் நடுவே பானை போன்ற வீடு உண்டு. அதன் உள்ளே சிறிய பினியன், பெரிய கிரவுன், டிபரன்ஷியல் பற்கள். அங்கிருந்து இரு பக்கமும் இரண்டு ஆக்சில் ஷாப்ட்டுகள் சக்கரத்துக்குப் போகின்றன.

முதலில் பாதுகாப்பு

அடையாளம் தேட வண்டிக்கு அடியில் போக வேண்டும். அதற்கு முன் இவற்றைச் செய்ய வேண்டும்.

1. வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். பாரத்தை இறக்கிவிடுங்கள்.
2. என்ஜினை நிறுத்திச் சாவியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.
3. ஹேண்ட் பிரேக் போடுங்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.
4. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். சேசிஸுக்கு உறுதியான முட்டு வேண்டும்.
5. தூக்கிய தொட்டிக்கு அடியில் முட்டு இல்லாமல் போகவே கூடாது. எண்ணெய்க் குழாய் வெடித்தால் தொட்டி ஒரு நொடியில் கீழே விழும்.

பட்டையின் அடையாளங்கள்

முதல் அடையாளம் சாய்வு. காலி வண்டியைச் சமதரையில் நிறுத்திப் பின்னால் நின்று பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறதா? அச்சுக்கும் சேசிஸுக்கும் இடையே உள்ள உயரத்தை இரு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் குறைவாக இருந்தால் அந்தப் பக்கத்துப் பட்டை உடைந்திருக்கலாம். அல்லது தளர்ந்திருக்கலாம். டயர்களில் காற்று சமமாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சாய்வைச் சிறியது என்று விட்டுவிடக் கூடாது. தொட்டியை மேலே தூக்கும்போது பாரமும் உயரே போகிறது. ஒரு பக்கம் தாழ்ந்த வண்டி அப்போது அந்தப் பக்கமாகவே கவிழும். கீழே தாழ்வு நான்கு விரல் என்றால், மேலே தொட்டியின் உச்சியில் அது பல மடங்காகும்.

இரண்டாவது அடையாளம் நண்டு நடை. வண்டி நேராகப் போகிறது. ஆனால் பின் பக்கம் ஒதுங்கி வருகிறது. பின்னால் வருகிறவர் கண்ணுக்கு அது நண்டு நடப்பது போல் தெரியும். சென்டர் போல்ட் முறிந்து அச்சு இடம் மாறியிருந்தால் இப்படி ஆகும். இதை அறிய ஓர் அளவு நாடா போதும். ஸ்டீயரிங்கை நேராக வையுங்கள். முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடு வரை அளவெடுங்கள். இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

மூன்றாவது அடையாளம் யு போல்ட் அருகே தெரியும். அங்கே செம்மண் நிறத்தில் துருக் கோடு இருக்கிறதா? இரும்பு தேய்ந்து பளபளக்கிறதா? அப்படியானால் பட்டை அசைகிறது. யு போல்ட் தளர்ந்துவிட்டது என்று பொருள்.

நான்காவது, பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் வரும் 'டங்' என்ற சத்தம். பெரும்பாலும் பட்டையின் பின்னும் புஷ்ஷும் தேய்ந்திருக்கும். கிரீஸ் போகாத பின் சீக்கிரம் தேயும். குவாரித் தூசி அதை உப்புத்தாள் போல் அறுத்துவிடும்.

ஷாப்ட்டின் அடையாளங்கள்

வண்டியைக் கிளப்பும்போது 'டக்' என்று ஒரு தட்டு. காலை எடுத்தால் மறுபடி 'டக்'. கிராஸ் தேய்ந்திருக்கலாம். ஷாப்ட்டின் பல் தேய்ந்திருக்கலாம். யு போல்ட் தளர்ந்தாலும் இதே சத்தம் வரும். ஆகவே சத்தத்தை மட்டும் கேட்டு முடிவு செய்யக் கூடாது.

சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகு, கியரை நியூட்ரலில் வைத்து, ஷாப்ட்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கிராஸில் ஆட்டம் இருக்கக் கூடாது. கிராஸின் மூடியைச் சுற்றிச் சிவந்த துருப்பொடி இருந்தால் உள்ளே கிரீஸ் இல்லை. மெதுவாகப் போகும்போது 'கீச் கீச்' என்று கேட்பதும் அதன் குரல்தான்.

சத்தம் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவதும் நல்ல வழி. பினியனில் 7 பல், கிரவுனில் 41 பல் என்று வைத்துக்கொள்வோம். 41-ஐ 7-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 6. சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ஷாப்ட் ஏறக்குறைய 6 சுற்று சுற்றும். மெதுவாகப் போகும்போது சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஒரு தட்டு கேட்டால், கோளாறு சக்கரம், டயர், ஹப் பக்கம். ஒரு சுற்றுக்குப் பல முறை கேட்டால் கோளாறு ஷாப்ட் பக்கம்.

அச்சின் அடையாளங்கள்

'ஊ' என்று ஓர் இரைச்சல் தொடர்ந்து வருகிறதா? ஆக்சிலேட்டரை அழுத்தும்போது கூடுகிறதா, காலை எடுக்கும்போது கூடுகிறதா? பாரத்துக்கு ஏற்ப இப்படி மாறினால் கிரவுன், பினியன், அவற்றின் பேரிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

நேராகப் போகும்போது சத்தம் இல்லை, வளைவில் மட்டும் வருகிறது என்றால் டிபரன்ஷியலின் சிறு பற்களில் சந்தேகம் கொள்ள வேண்டும். வளைவில்தான் அவை அதிகம் வேலை செய்கின்றன.

ஓட்டம் முடிந்ததும் இரு பக்க ஹப்புக்கும் அருகே புறங்கையைக் கொண்டு போங்கள். தொட வேண்டாம், சுடும். ஒரு பக்கம் மட்டும் அதிகச் சூடு என்றால் பேரிங் இறுகியிருக்கலாம். அல்லது பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

என்ஜின் ஓடுகிறது. கியர் விழுகிறது. வண்டி மட்டும் நகரவில்லை. அப்போது பாதுகாப்பான தூரத்தில் நின்று ஷாப்ட் சுற்றுகிறதா என்று ஒருவர் பார்க்க வேண்டும். அடியில் போகக் கூடாது. ஷாப்ட் சுற்றவில்லை என்றால் கோளாறு கிளட்ச் அல்லது கியர் பாக்ஸில். ஷாப்ட் சுற்றுகிறது, சக்கரம் சுற்றவில்லை என்றால் ஆக்சில் ஷாப்ட் முறிந்திருக்கும். அல்லது அச்சின் உள்ளே பல் போயிருக்கும்.

இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. ஆக்சில் ஷாப்ட்டோ புரொப்பெல்லர் ஷாப்ட்டோ முறிந்தால் என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். பிறகு கியரில் போட்டு நிறுத்தினாலும் வண்டி நிற்காது. இறக்கத்தில் என்ஜினின் பிடிப்பு இருக்காது. பிரேக் ஒன்றுதான் துணை. அறுந்த ஷாப்ட் சுழன்று பிரேக்கின் காற்றுக் குழாயையும் அடித்துக் கிழிக்கலாம். குவாரிச் சரிவில், கீழே ஆட்கள் வேலை செய்யும் இடத்தில், இது நடந்தால் என்ன ஆகும்? அதனால்தான் தேய்ந்த கிராஸை 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்று தள்ளக் கூடாது.

உடைந்தது எது? உடைத்தது எது?

பெங்களூர் ஜே.சி. சாலையில் வாகன உதிரிபாகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே கன்னடம், தமிழ், உருது, தெலுங்கு எல்லாம் கேட்கும். எந்த மொழியில் பேசினாலும் கிராஸ் கிராஸ்தான், பேரிங் பேரிங்தான். காசு கொடுத்தால் பாகம் கிடைக்கும். ஆனால் காரணம் கடையில் கிடைக்காது. அதை நாமே தேட வேண்டும்.

ஒரு வண்டியில் மெயின் பட்டை உடைகிறது. புதிய பட்டை போடுகிறார்கள். சில வாரத்தில் அதுவும் உடைகிறது. 'பட்டை மட்டம்' என்று கடைக்காரரைத் திட்டுகிறார்கள். பட்டை உடைந்த இடத்தைப் பார்த்தால் உண்மை தெரியும். சென்டர் போல்ட் துளையின் ஊடாக உடைந்திருந்தால் யு போல்ட் தளர்ந்திருந்தது என்று கொள்ளலாம். இறுக்கிப் பிடித்திருந்தால் நடுப்பகுதி வளையாது. தளர்ந்தால் வளையும். துளை இருக்கும் இடம் பலம் குறைந்த இடம். அங்கேயே முறியும். புதிய பட்டை போட்ட பின் சில நாள் ஓட்டிவிட்டு யு போல்ட்டை மறுபடி சரியான அளவுக்கு இறுக்க வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை.

இன்னொரு வண்டியில் ஹப்பிலிருந்து எண்ணெய் கசிகிறது. சீல் மாற்றுகிறார்கள். மறுபடி கசிகிறது. மறுபடி சீல். அச்சின் மேல் ஒரு சிறு மூச்சுக் குழல் உண்டு. அச்சு சூடானால் உள்ளே காற்று விரியும். அந்தக் காற்று இந்தக் குழல் வழியே வெளியேறும். குவாரித் தூசியும் சேறும் குழலை அடைத்துவிட்டால் காற்று எங்கே போகும்? சீலைத் தள்ளிக்கொண்டு எண்ணெயோடு வெளியே வரும். அந்த எண்ணெய் பிரேக் லைனிங்கில் பட்டால் பிரேக் பிடிக்காது. குழலைச் சுத்தம் செய்யக் காசு வேண்டாம். ஒரு துணியும் சிறு கம்பியும் போதும்.

லாரிப் பட்டறையில் இப்படி ஒரு பேச்சு அடிக்கடி நடக்கும்.

"அண்ணே, வண்டி நாற்பதுக்கு மேல போனா உதறுது. கிரவுன் போயிடுச்சுன்னு முதலாளி சொல்றாரு. இறக்கிடலாமா?"

"பொறு தம்பி. எப்போ இருந்து உதறுது?"

"நாலு நாளா."

"நாலு நாளைக்கு முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க?"

"கிராஸ் தேஞ்சு போச்சு. வழியில ஒரு இடத்துல புதுசு மாத்தினோம்."

"ஷாப்ட்டை ரெண்டாக் கழட்டினாங்களா?"

"ஆமாண்ணே."

"அப்போ கிரவுன்ல கை வைக்காதே. ஷாப்ட்டுல ரெண்டு அம்புக்குறி இருக்கும். ரெண்டும் நேருக்கு நேரா இருக்கான்னு முதல்ல பாரு."

அம்புக்குறிகள் நேராக இல்லை. ஷாப்ட்டைக் கழற்றிச் சரியாகக் கோத்தார்கள். உதறல் நின்றது. கிரவுன் பினியனை இறக்கியிருந்தால் ஆயிரக்கணக்கில் செலவு. பல நாள் வேலையும் போயிருக்கும். ஆகவே ஷாப்ட்டைக் கழற்றும் முன் இரு பாதியிலும் ஒரு குறி போட்டுக்கொள்ள வேண்டும். குறி இல்லாவிட்டால் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தாலும் போதும்.

ஓட்டும் முறையும் ஒரு காரணம்

ஒரு பக்கச் சக்கரம் சேற்றில் மாட்டிச் சுழல்கிறது. ஓட்டுநர் ஆக்சிலேட்டரை ஓங்கி மிதிக்கிறார். சுழற்சி எல்லாம் டிபரன்ஷியலின் சிறு பற்கள் மேல் விழுகிறது. அவை சூடாகித் தேய்கின்றன. சுழலும் சக்கரம் திடீரென்று கல்லைப் பிடித்தால் ஆக்சில் ஷாப்ட் முறியும். சேற்றில் மாட்டினால் சக்கரத்துக்கு அடியில் கல்லும் கட்டையும் போட்டு மெதுவாக எடுக்க வேண்டும். டிபரன்ஷியல் லாக் உள்ள வண்டியில் சக்கரம் சுழல்வதற்கு முன்பே அதைப் போட வேண்டும். கெட்டியான சாலைக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும்.

பாரமும் ஒரு காரணம். ஒரு யூனிட் ஜல்லி என்பது 100 கன அடி. அதன் எடை நான்கு டன்னுக்கு மேல் இருக்கும். ஈர மணல் இன்னும் கனக்கும். நான்கு டயர் கொண்ட ஒற்றைப் பின் அச்சுக்கு முன்பு 10.2 டன் எல்லையாக இருந்தது. 2018-இல் அரசு அதை 11.5 டன்னாக உயர்த்தியது. ஆனால் பழைய வண்டியின் பட்டை அதற்காகப் பலம் கூடிவிடாது. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று ஆர்.சி.யில் எழுதியிருக்கும். அதைப் படித்துப் பாருங்கள். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அதிகப் பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய்.

ஒரு நோட்டுப் புத்தகம்

ஓட்டுநர் முதலாளியிடம் சொல்கிறார். "பின்னால் சத்தம் வருகிறது." முதலாளி, "பார்க்கலாம்" என்கிறார். பிறகு இருவரும் மறந்துபோகிறார்கள். வண்டி நடுவழியில் நின்றால், "நீ ஏன் சொல்லவில்லை?" என்ற கேள்வி வருகிறது. வாய்ச்சொல் காற்றோடு போய்விடும். எழுதியது நிற்கும்.

வண்டியில் ஒரு நோட்டும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். நாள், கிலோமீட்டர், என்ன அடையாளம், எப்போது வந்தது, யாரிடம் சொன்னோம், என்ன வேலை பார்த்தோம். இவ்வளவு போதும். இப்படி எழுதலாம்.

"திங்கட்கிழமை. 84,310 கி.மீ. கிளப்பும்போது டக் சத்தம். முன் கிராஸில் ஆட்டம். முதலாளியிடம் சொன்னேன்."

மெக்கானிக்குக்கு இந்த நான்கு வரி பெரிய உதவி. பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். ஓட்டுநருக்கும் அது ஒரு சாட்சி.

நினைவில் வையுங்கள்

1. பாகத்தை மாற்றும் முன் காரணத்தைத் தேடுங்கள்.
2. சத்தம் எப்போது, எங்கே, எத்தனை முறை, எந்த நாளிலிருந்து என்று கேளுங்கள்.
3. அதற்கு முன் என்ன வேலை நடந்தது என்றும் கேளுங்கள்.
4. கண்ணால் பாருங்கள். அளந்து பாருங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்.
5. பின், கிராஸ் ஆகியவற்றுக்குத் தவறாமல் கிரீஸ் அடியுங்கள். மூச்சுக் குழலைச் சுத்தமாக வையுங்கள்.
6. சரிவில் கியரை மட்டும் நம்பி வண்டியை நிறுத்தாதீர்கள். பிரேக் போடுங்கள், கட்டையும் வையுங்கள்.

சிந்தித்துச் சொல்லுங்கள்

1. புதிய பட்டை மறுபடியும் நடுவில் உடைந்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?
2. சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஒரு தட்டு கேட்கிறது. கோளாறு எந்தப் பக்கம்?
3. ஆக்சில் ஷாப்ட் முறிந்த வண்டியைக் கியர் ஏன் நிறுத்துவதில்லை?
4. உங்களுக்குத் தெரிந்த ஓட்டுநர் நோட்டில் எழுதுகிறாரா? இல்லை என்றால் முதல் பக்கத்தை அவரோடு சேர்ந்து எழுதிப் பாருங்கள்.